முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்

மைக் செட்டுக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பான். கூம்பு ஸ்பீக்கர் கட்ட உயரமான கிளை வேண்டும். நான் அதற்கும் முன்னால் வேறொன்றைப் பார்ப்பேன். ரகளை என்று வந்தால் ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. ஆண்டு விழாவில் மேடையேறிச் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னார்கள், முந்தின நாளே எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. காய்ச்சல் போன பிறகும் நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவன் ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் பேசுவதற்கு மைக் கட்டிக் கொடுத்தேன் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அது எனக்கு ஒத்துப்போயிற்று.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வந்தவர்களில் ஒரு பாட்டுக் குழு உண்டு. கல்யாணக் கச்சேரி செய்கிறவர்கள் இல்லை. எந்த ஊரில் அடிதடி நடந்ததோ, எங்கே ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனதோ, அங்கே போய்ப் பாடுவார்கள். சாமி பாட்டும் இல்லாமல், சினிமாப் பாட்டும் இல்லாமல், அவர்களே கட்டிய பாட்டு. அதில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். பாடுகிற அக்கா பஞ்சு மில்லில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். டேப் என்கிற கைப்பறை அடிக்கிறவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். பாட்டுக் கட்டுவதும் அவர்தான். மற்றவர்கள் பின்பாட்டு.

இவர்களோடு போவதென்றாலே எனக்குப் பயம். சண்டை நடக்காத ஊருக்கு இவர்கள் போவதே இல்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பும்போது முதலாளியிடம், "கல்லெறிஞ்சா கூம்பு நசுங்கிரும் பாய்" என்றேன்.

"கூம்பு நசுங்குனா நிமித்திக்கலாம். உன் மண்டையை எவன் நிமித்துறது? மரத்துக்குப் பின்னாடி உக்காந்துக்க. அல்லா இருக்கான், போ" என்றார் பாய்.

பக்கத்தில் நின்ற அக்கா விடவில்லை. "ஏப்பா, பயப்படுறதுக்குன்னு பாய் உனக்குத் தனியாச் சம்பளம் தாராரா?"

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் அது. தார் ரோட்டிலிருந்து போனால் முதலில் ஊர், அதற்குப் பின்னால் காலனி. காலனிக்காரர்கள் ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் வண்டிப் பாதை ஒன்றுதான், அது ஊரின் நடுத்தெரு வழியாக வருகிறது. இரண்டு வருசத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் யார் எங்கே நின்று கும்பிடுவது என்று தகராறு வந்து, இரண்டு பக்கமும் மண்டை உடைந்து, போலீஸ், கேஸ் என்று ஆகிவிட்டது. அதன்பிறகு ஊர்க்காரர்கள் கருவேல முள்ளை வெட்டிக்கொண்டுவந்து தெரு முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்குப் போட்டு அடைத்துவிட்டார்கள். காலனியோடு யாரும் பேசக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பேசிவிட்டுப் போனார்கள். ஜீப் போய்விட்டது, முள் கிடந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் எங்களுக்காக ஒருவன் காத்திருந்தான். காலனிக்காரன், என் வயதுதான் இருக்கும். பேட்டரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஊருக்குள் போக முடியாதாகையால் வாய்க்கால் கரை மேலேயே சுற்றிப் போனோம். ஒற்றையடி அகலம்தான். இந்தப் பக்கம் வாய்க்கால் தண்ணீர், அந்தப் பக்கம் சேறு குழப்பின வயல். நான் ஆம்ப்ளிஃபையரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் வழுக்கினேன்.

பாதி வழியில் ஒரு பூவரச மரத்தடியில் அவன் பேட்டரியை இறக்கினான். மூச்சு வாங்கத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன்.

"இங்கனதாண்ணே இறக்கி வச்சோம்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. ஏற்கெனவே இந்த ஊருக்கு வந்து பேசிப் போயிருந்த அக்காவுக்குப் புரிந்தது. அவள் சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது. முள் போட்ட வருசமே அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை தலை திரும்பவில்லை, உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி போகப் பாதை இல்லாததால் கயிற்றுக் கட்டிலில் வைத்து இந்தக் கரை வழியே தூக்கினார்கள். இந்த மரத்தடியில் இறக்கினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இப்போது மறுபடியும் அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது.

"நர்சம்மா என்ன சொன்னாக?" என்று அக்கா கேட்டாள்.

"இப்பவும் தலை திரும்பலையாம். இந்த மாசக் கடைசிங்குறாக. வலி கண்ட உடனே பெரியாஸ்பத்திரிக்கு வந்துரணுமாம்."

"முன்னாடியே கூட்டியாந்து வச்சுக்கிற வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"வரமாட்டேங்குறாண்ணே. இந்தக் கரையில என்னைய நடத்தவும் வேணாம், தூக்கவும் வேணாம், செத்தா வீட்டுலயே சாவுறேங்குறா." சொல்லிவிட்டுப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டான்.

எனக்கு என் பயமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

முள்வேலிக்குக் காலனிப் பக்கமாக ஒரு வேப்ப மரம் நின்றது. ஒரு கூம்பைக் காலனியைப் பார்க்கவும், இன்னொன்றை ஊர்த் தெருவைப் பார்க்கவும் கட்டச் சொன்னார் வாத்தியார். இரண்டாவதைக் கட்டும்போது கயிற்றைவிட ஊர்த் தெருவையே அதிகம் பார்த்ததில் முடிச்சு விழவே இல்லை.

"மாப்ள, கல்லு வந்தா பொறுக்கி வையி. காலனியில ஆளுக்கொரு அடுப்பாச்சும் கட்டலாம்" என்றார் கீழே இருந்து.

வெயில் இறங்கத் தொடங்கியதும் பாட்டை ஆரம்பித்தார்கள். காலனி ஜனம் எல்லாம் வந்து மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பக்கம் ஒரு கதவும் திறக்கவில்லை. முதல் பாட்டு பாதி போயிருக்கும், ஊர் மந்தையிலிருந்து காது கிழிகிற மாதிரி சினிமாப் பாட்டு ஒன்று கிளம்பியது. ஊர்க்காரர்களும் மைக் செட் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்! கரண்டில் ஓடுகிற பெரிய செட். என் பேட்டரி செட் அதன் முன்னால் கொசு.

தொழில் ரோசம் என்று ஒன்று உண்டல்லவா? நானும் சத்தத்தைக் கூட்டினேன். கூம்பு ஊளையிட்டது. காலனிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன.

அக்கா பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "குறைச்சு வையி."

"குறைச்சா ஒண்ணுமே கேக்காதுக்கா."

"பரவாயில்ல. அவுக சத்தத்தை அடிச்சுக் கெலிக்கவா வந்தோம்? குறை."

குறைத்தேன். அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் ரெக்கார்டு மாறி மாறி அலறியது. பட்டி மாட்டை விரட்டுகிற மாதிரி நடுநடுவே விசிலும் கேலியும் வந்தன. "ஏய், பஞ்சு மில்லு சங்கு ஊதுதுடா!" என்று ஒரு குரல். அக்காவின் முகம் மாறவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் ஒரு வாய் தண்ணீர், அடுத்த பாட்டு. யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்தும், கேட்கிறவர்களுக்குப் பாடுகிற அதே அக்கறையோடு ஒருத்தி பாடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேடை என்றாலே காய்ச்சல் வருகிறவன் நான். அவளைப் பார்த்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கரையைத் தாண்ட வேண்டுமே என்று நான் கூம்பை அவிழ்க்கிற யோசனையில் இருந்தேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்ல என்னிடம் வந்தாள். அவள் வயிற்றைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"அண்ணே, இதுல பேசுனா அங்கிட்டு வீட்டுக்குள்ள இருக்கவுகளுக்குக் கேக்குமா?"

"அந்தப் பாட்டு நின்னாக் கேக்கும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மைக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வாத்தியார் ஸ்டாண்டைத் தாழ்த்தினார். அவள் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தாள். ஒப்பாரி!

காலனிப் பெண்கள் பதறிப்போனார்கள். "ஏ புள்ள, வயித்துப் பிள்ளக்காரி, விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி இது? எந்திரி, எந்திரி!" எனக்கும் திக்கென்றது. இன்னும் பிறக்காத பிள்ளை உள்ளே கேட்டுக்கொண்டிருக்குமே என்று நினைத்தேன். மைக்கை அணைத்துவிடலாமா என்று கை போயிற்று.

அக்கா என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். பிறகு அவளும் மண்ணில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தோளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரி வைக்கிறவளை ஒற்றையில் அழ விடக் கூடாது. யாராவது ஒருத்தி தோளைக் கட்டி உட்கார வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

*வாய்க்கா வரப்பு வழி – என் கண்ணே*
*வழி நீளம் ஆனதடா*
*வண்டி வரும் பாதையில – என் கண்ணே*
*வேலி முள்ளு பூத்ததடா*

இரண்டாவது அடிக்கே ஊர்ப் பக்கத்து சினிமாப் பாட்டு பட்டென்று நின்றது.

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது ஏன் என்று தெரியும். அழுகைச் சத்தம் காதில் விழுந்தால் ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட வேண்டும். கல்யாண வீடானாலும் சரி, கட்சிக் கூட்டமானாலும் சரி. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, யாரும் மீறுவதுமில்லை. அந்தச் செட்டுக்காரன் யாரென்று எனக்குத் தெரியாது. ஊசியைத் தூக்கியவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அதனால் அங்கே நடந்த பேச்சு அவன் கூம்பிலேயே எங்களுக்கும் கேட்டது.

"ஏன்டா நிறுத்துன? போடுறா பாட்டை!"

"அழுகுற சத்தம் கேக்குதுங்க."

"அது நடிப்புடா. போடுறா!"

"நடிப்போ நெசமோ, அழுகுறது அழுகைதானே? இன்னைக்கி நான் போட்டா, நாளைக்கி என் வீட்டு அழுகைக்கு எவன் நிறுத்துவான்? வேற ஆளைப் பாத்துக்கங்க."

அதோடு அந்தப் பேச்சும் நின்றது. ஊரே அமைதியானது. அவள் குரல் மட்டும் என் கூம்பிலிருந்து கிளம்பி, அந்தத் தெருவில் அடைத்துக் கிடந்த கதவு கதவாகப் போய் நின்றது.

ஒரு கதவு திறந்தது. நடு வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வெற்றிலை வாயோடு, கையில் விளக்குத் துடைத்த துணியோடு வேகமாக முள்ளை நோக்கி வந்தாள். "விளக்கு வைக்கிற நேரத்துல எவ அவ? அறிவு கெட்டவ! எங்க தெரு விளங்குறதா வேணாமா?"

முள்ளுக்கு அருகில் வந்து இடுக்கு வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியே... நீயா?"

தகராறுக்கு முன்னால் அந்த அம்மாவின் வயலில்தான் இவள் நாற்று நடுவாளாம். இதைப் பிறகு புருசன்காரன் சொன்னான். அந்த அம்மா நடவில் பாட்டெடுத்தால் இவள்தான் வாங்கிப் பாடுவாளாம். பிள்ளை செத்தது அந்த அம்மாவுக்கும் தெரியும். ஊர்க் கட்டுப்பாடு. துக்கம் கேட்க வரவில்லை.

இவள் கண்ணைத் திறக்கவில்லை. "ஆத்தா, என் ஆத்தா..." என்று மட்டும் ஒரு இழுப்பு. அடுத்த அடி வரவில்லை. அக்கா எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்தேன். எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் பாடியவள்! அவளுக்கு ஒரு அடி கட்டத் தெரியாதா? அவள் வாயே திறக்கவில்லை. காத்திருந்தாள்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, புழுதியில் உட்கார்ந்தாள்.

*முள்ளு வெட்டிப் போட்டவுக – என் மகளே*
*முகம் பாக்க வரலையடி*
*ஒத்தையில அழுதியாடி – என் மகளே*
*ஊரு காது அடைச்சதடி*

மைக் இல்லாத குரல், எங்களுக்கே லேசாகத்தான் கேட்டது. அக்கா எழுந்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினாள். முள்ளுக்குள் கையை விட்டாள், தோள் வரைக்கும். "வயரை விடுப்பா" என்றாள் என்னைப் பார்க்காமல். நான் வயரை விட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கையில் ரத்தம் கோடு கோடாக இறங்கியது. மைக் அந்த அம்மாவின் வாய்க்கு நேராகப் போய் நின்றது. இப்போது அந்த அம்மாவின் குரல் என் கூம்பு வழியாக அவள் தெருவுக்கே போயிற்று.

நான் அதுவரைக்கும் எத்தனையோ கச்சேரிக்கு மைக் கட்டியிருக்கிறேன். பெரிய பெரிய பாட்டுக்காரர்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பாட வந்தவள் பாடாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாளே, அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு ஓடுகிற வழி எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது.

இவள் ஒரு அடி, அந்த அம்மா ஒரு அடி. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் வந்து அந்த அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் தூரத்தில் நின்றார்கள்.

பாட்டு அடங்கியதும் அந்த அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்து எழுந்து, முள்ளின் ஒரு கொப்பைப் பிடித்து இழுத்தாள்.

"யாரைக் கேட்டு எடுக்குறீக?" தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் முன்னால் வந்தான்.

"துக்கம் கேக்கப் போறவ யாரைக் கேட்டுடா போவா? ரெண்டு வருசமாக் கேக்காத துக்கம். வழிய விடு."

"ஊர்க் கூட்டத்துல பேசாம..."

"பேசு. நீ பேசி முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டு வந்துருவேன்."

இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள், அழுத முகத்தோடேயே. எல்லோரும் ஆளுக்கொரு கொப்பைப் பிடித்தார்கள். அந்த ஆள் அவர்கள் கைகளைப் பார்த்தான். பிறகு எரிச்சலோடு, "வெறுங்கையில இழுக்காதீக, கிழிச்சுப்புடும்! டேய், கவக்கம்பைக் கொண்டாங்கடா" என்று கத்தினான். கவட்டை முனைக் கம்பு வந்தது. அவனே முள்ளைத் தள்ளினான். "ஒரு வண்டி போற அளவுக்குத்தான். அதுக்கு மேல ஒரு குச்சி தொடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே தள்ளினான்.

வாத்தியார் டேப்பை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் வாத்தியாரே. நம்ம செயிச்சோம்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

அந்த ஊர் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நான் எழுதினால் பொய். கோயில் வழக்கு அதற்குப் பிறகும் வருசக் கணக்கில் இழுத்தது. டீக்கடையில் தனி கிளாஸ் தனி கிளாஸாகவே இருந்தது. அந்தக் குழு இன்னும் பல தடவை அங்கே போக வேண்டியிருந்தது, ஒரு தடவை கல்லும் வந்தது. ஆனால் அந்த ஒரு வண்டி அகலத்தை மறுபடி யாரும் அடைக்கவில்லை.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அந்தப் புருசன்காரன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றான். பெரியாஸ்பத்திரி எங்கள் கடைக்குப் பக்கம்தான். "கொண்டாந்துட்டோம்ணே" என்றான். பாய் என்னைப் பிடித்துத் தள்ளினார். "போடா, கூட இரு. துவா பண்றேன்."

பிரசவ வார்டு வராண்டாவில் அந்த ஊர் அம்மா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். "நடுத்தெருவுல எவனாச்சும் வண்டியை மறிச்சா? அதான் முன்னாடி ஏறி உக்காந்து வந்தேன்" என்றாள். மறித்தார்களா என்று கேட்டேன். "மறிக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுக. திருப்புனாத் திருப்பட்டும்" என்றாள்.

ஆபரேசன் என்றார்கள். ஷிப்டு முடிந்து அக்காவும் வந்து சேர்ந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. நான் ரத்தம் வேண்டியிருக்குமோ, மருந்து இருக்குமோ, டாக்டர் பாதியில் போய்விடுவாரோ என்று வராண்டாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். "ஏப்பா, உக்காரு, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அந்த அம்மா.

கதவு திறந்தது. நர்ஸ் துணிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். "பொம்பளப் பிள்ளை. தாயும் நல்லா இருக்கு. யாரு வாங்குறா?"

புருசன்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அந்த அம்மா கையை நீட்டப் போய், சட்டென்று இழுத்துக்கொண்டாள். காலனிப் பிள்ளையைத் தொட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போகவேண்டியவள். அக்கா அதைப் பார்த்தாள். அவள் பிள்ளையை வாங்கி நேராக அந்த அம்மா மடியில் வைத்தாள்.

அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஒரு கையை இறக்கித் தலைக்குக் கீழே கொடுத்தாள், இன்னொரு கையால் துணியை விலக்கி விரல்களை விரித்துப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"ஆத்தாடி, எம்புட்டுச் சத்தம்!" என்றாள்.